யார் பக்கம் வக்காலத்து?

கேள்வி: எங்கள் தொகுதியில் நிற்கும் வேட்பாளர் ஒரு வக்கீல். லேபர் கோர்ட்டில் இருபது வருட அனுபவம் என்று சுவரெல்லாம் எழுதியிருக்கிறார்கள். தொழிலாளர் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர் எம்.எல்.ஏ.வாக வந்தால், தோல் கம்பெனியில் வேலை பார்க்கும் எங்களுக்கு விடிவு வருமா?
– ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: கரைத்துக் குடித்தது சரி. யார் கொடுத்த டம்ளரில் என்று விசாரித்தீர்களா?

லேபர் கோர்ட்டில் வேலை போனவருக்கும் ஒரு வக்கீல், வேலையை விட்டு எடுத்த நிர்வாகத்துக்கும் ஒரு வக்கீல். இருவருமே அனுபவஸ்தர்கள்தான். வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை நோட்டீசும் நஷ்டஈடும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று, 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தைக் காட்டி வாதாடியவர் ஒருவர். 230-ஆவது நாளிலேயே கணக்கை முடித்து, கொஞ்ச நாள் கழித்துப் புது ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று முதலாளிக்கு யோசனை சொன்னவர் இன்னொருவர். சட்ட ஞானத்தில் இரண்டாமவர் ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன்!

சுவரில் 'தொழிற்சங்கத் தலைவர்' என்று சேர்த்திருந்தால் அதையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். எதிர்த்தரப்பின் சம்மதமும் கோர்ட்டின் அனுமதியும் இல்லாமல் வக்கீல் வக்கீலாக ஆஜராக முடியாது என்றது அதே சட்டத்தின் 36-ஆவது பிரிவு. சங்க நிர்வாகி என்றால் தடையில்லை. அதனால் சங்கத்தின் லெட்டர்பேடில் பெயர் ஏறும். கேட் மீட்டிங்கில் தொண்டை கிழியப் பேசியவரும் உண்டு, லெட்டர்பேடோடு நின்றவரும் உண்டு.

அப்புறம், அவர் படித்த புத்தகமே மாறிவிட்டது. 29 மத்திய சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி, 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கிவிட்டது மத்திய அரசு. ஆனாலும் தொழிலாளர் விவகாரம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மாநிலச் சட்டமன்றத்துக்கும் அதில் கை உண்டு.

அந்தக் கை என்ன செய்யும் என்பதை 2023 ஏப்ரல் 21-இல் பார்த்தோம். தொழிற்சாலைகள் சட்டத்தில் 65-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்க்கும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாசித்தால் பூனை மாதிரி இருக்கும்: வேலை நேரம் போன்ற சில விதிகளிலிருந்து அரசு விலக்கு அளிக்கலாம், அவ்வளவுதான். அந்த விலக்கு வழியாக எட்டு மணி நேரம் பன்னிரண்டாகிவிடலாம். ஆளும் தி.மு.க.வின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. 24-ஆம் தேதி நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார் முதல்வர் ஸ்டாலின்.

இப்படி ஒரு வரியை மற்ற உறுப்பினர்கள் தாண்டிப் போய்விடலாம். லேபர் வக்கீலின் கண்ணுக்கு அது உறுத்தியே தீரும். உறுத்தியதைச் சொல்வாரா, மேசையைத் தட்டுவாரா? கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால், 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போகலாம். மசோதா வருவதற்கு முன்னால் சொந்தக் கட்சியின் மந்திரியிடம் போய்ச் சண்டை போடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லையே.

பதவி போனால் போகட்டும் என்றவரும் இருந்தார். வி.வி.கிரி அயர்லாந்தில் சட்டம் படித்தவர், ரயில்வே தொழிலாளர்களைத் திரட்டியவர். 1937-இல் ராஜாஜி மந்திரிசபையில், நம் வட ஆர்க்காடும் அடங்கிய சென்னை மாகாணத்தின் தொழிலாளர் மந்திரி. பிறகு மத்திய மந்திரியாக இருந்தபோது, வங்கி ஊழியர்களுக்குக் கிடைத்த தீர்ப்பில் அரசு கை வைத்தது என்று 1954-இல் ராஜினாமா செய்தார். பின்னாளில் ஜனாதிபதியே ஆனார், அது வேறு கதை.

உங்கள் வேட்பாளர் கிரி ஆக வேண்டாம். ஓட்டுக் கேட்டு வரும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள். 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் கம்பெனிக்குள் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் அமுங்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இங்கே ஓட்டே இல்லாத அப்படிப்பட்டவர்களுக்காகச் சட்டமன்றத்தில் வாய் திறப்பாரா?

அதற்கு வாய்தா கேட்டாரென்றால், எந்தப் பக்கத்து வக்கீல் என்று தெரிந்துவிடும்.