பீட் சதுப்புநிலக் குட்டைகளில் மிதவை உயிரிகள் எப்படி வாழ்கின்றன?

நீரோட்டத்தை எதிர்த்து நீந்த வலுவின்றி மிதந்து திரியும், பெரும்பாலும் நுண்ணிய உயிர்களே பிளாங்டன் எனப்படும் மிதவை உயிரிகள். வடக்கு ஸ்காட்லாந்தின் ஃப்ளோ கண்ட்ரி போன்ற இடங்களில், பீட் (நீர் தேங்கிய நிலத்தில் முழுதும் மட்காமல் படியும் தாவர எச்சம்) குட்டைகளுக்கு மழையே முக்கிய வரவு என்பதால் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகக் குறைவு. போதாக்குறைக்கு, ஸ்பாக்னம் என்னும் சதுப்புநிலப் பாசித் தாவரம் நீரிலுள்ள கால்சியம் போன்றவற்றை ஈர்த்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனிகளை வெளிவிடுவதால், அமிலத்தன்மை கூடி பிஹெச் அளவு ஏறத்தாழ 4 வரை இறங்கிவிடுகிறது. காப்பி டிக்காஷனைப் போலப் பழுப்பேறிய அந்நீரில் வெளிச்சமும் ஆழத்துக்குச் செல்லாது.

இந்நெருக்கடியைச் சமாளிப்பவற்றுள் வியப்புக்குரியவை, ஒளிச்சேர்க்கை செய்துகொண்டே பாக்டீரியாக்களையும் விழுங்கும் கசையிழைப் பாசிகள் (சாட்டை போன்ற இழையால் நீந்தும் நுண்பாசிகள்). வெளிச்சமோ சத்தோ குறைந்தால் இரை ஈடுசெய்கிறது. நடுவில் இடுங்கி, இரு பாதிகளும் அச்சு அசலாக ஒத்திருக்கும் டெஸ்மிட் பாசிகளும் இங்கே செழிக்கின்றன.

பழுப்பு நிறத்தைக் கண்டு கழிவு கலந்திருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது மட்கும் தாவரங்களிலிருந்து இயல்பாகக் கசியும் கரிமப் பொருள்களின் நிறமேயாகும்.