தண்ட இழப்பீட்டை ஜூரியும் நீதிபதியும் எப்படி முடிவு செய்கிறார்கள்? கேள்வி பதில்

கலிபோர்னியாவில் சிவில் வழக்குகள் நடத்துகிறேன். அமெரிக்க நீதிமன்றங்களின் தண்ட இழப்பீடு பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: செய்தித் தலைப்பில் வரும் தொகை வேறு, வாதியின் கைக்கு வரும் தொகை வேறு.

நட்டஈடு கொடுத்த பிறகு தண்ட இழப்பீடு எதற்கு?

நட்டஈடு வாதி இழந்ததைக் கணக்கிடுகிறது: ஆஸ்பத்திரிச் செலவு, போன சம்பளம், பட்ட வலி. தண்ட இழப்பீடு பிரதிவாதியின் நடத்தையைப் பார்க்கிறது. தெரிந்தே செய்தாரா, மறைத்தாரா, யாருக்கு என்ன ஆனால் என்ன என்று இருந்தாரா? வெறும் கவனக்குறைவு போதாது. கலிபோர்னியாவில் கொடுமை, மோசடி, வன்மம் இவற்றில் ஒன்றையாவது தெளிவான, வலுவான ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும்.

காபியைக் கொட்டிக்கொண்டதற்கு 27 லட்சம் டாலரா?

இந்த வழக்கைக் கேலியாகவே கேள்விப்பட்டிருப்பீர்கள். நடந்தது இது. 1992, நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி. 79 வயது மூதாட்டி, நின்றிருந்த காரில், மெக்டொனால்ட்ஸ் காபியின் மூடியைத் திறக்கும்போது மடியில் கொட்டிவிட்டது. மூன்றாம் நிலைத் தீக்காயம். வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. முதலில் அவர் கேட்டது சுமார் 20,000 டாலர். கம்பெனி தர முன்வந்தது 800.

காபியை 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைக்கச் சொன்னது கம்பெனி விதி. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் சூடுபட்டதாக 700-க்கு மேல் புகார்கள் வந்திருந்தன. தெரிந்தும் மாற்றவில்லை என்பதுதான் ஜூரியை, அதாவது வழக்கில் முடிவு சொல்லத் தேர்ந்தெடுத்த பொதுமக்கள் குழுவை, உறுத்தியது. 1994-இல் 2 லட்சம் டாலர் நட்டஈடு விதித்து, அவர் பக்கமும் 20 சதவீதத் தவறு என்று 1,60,000 ஆக்கினார்கள். அதற்கு மேல் தண்டமாக விதித்த 27 லட்சம் என்பது கம்பெனியின் ஏறக்குறைய இரண்டு நாள் காபி விற்பனை. நீதிபதி அதை நட்டஈட்டின் மூன்று மடங்காக, 4,80,000 ஆகக் குறைத்தார். பிறகு சமரசம்.

ஜூரிக்கு ஏதாவது அட்டவணை உண்டா?

கிடையாது. நடத்தை எவ்வளவு மோசம், நேர்ந்த தீங்குக்கும் தொகைக்கும் பொருத்தம் உண்டா, பிரதிவாதியின் பண வசதி என்ன என்று பார்க்கச் சொல்லி நீதிபதி அறிவுறுத்துவார். அவ்வளவுதான். பிரதிவாதி கேட்டுக்கொண்டால் கலிபோர்னியாவில் விசாரணையை இரண்டாகப் பிரிப்பார்கள். முதல் கட்டத்தில் தவறு நிரூபணமான பிறகே சொத்துக் கணக்கு ஜூரி கண்ணில் படும். 12 பேரில் 9 பேர் ஒத்துக்கொண்டால் போதும்.

நீதிபதி எதை வைத்துக் குறைக்கிறார்?

அலபாமாவில் மறுபடி பெயின்ட் அடித்த காரைப் புதியது என்று விற்ற பி.எம்.டபிள்யூ வழக்கில் நட்டஈடு 4,000 டாலர், ஜூரி விதித்த தண்டம் 40 லட்சம். மாநில உச்ச நீதிமன்றம் 20 லட்சமாக்கியது. 1996-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதுவும் அதிகம் என்றது. மூன்று அளவுகோல்களைத் தந்தது: நடத்தையின் இழிவு, நட்டஈட்டோடு விகிதம், அதே தவறுக்குச் சட்டத்தில் உள்ள அபராதம். 2003-இல் ஸ்டேட் ஃபார்ம் என்ற இன்சூரன்ஸ் கம்பெனி வழக்கில், 10 லட்சம் நட்டஈட்டுக்கு 14.5 கோடி தண்டம் செல்லாது, ஒற்றை இலக்க மடங்கைத் தாண்டுவது அரிது என்றது.

அப்படியானால் ஒன்பது மடங்குதான் உச்சமா?

இல்லை. அதே 2003-இல் வந்த சிகாகோ மூட்டைப்பூச்சி வழக்கைப் பாருங்கள். மோட்டல் 6 விடுதியில் பூச்சி இருப்பது நிர்வாகத்துக்குத் தெரியும். எல்லா அறைக்கும் மருந்தடிக்க 500 டாலர் என்று 1998-லேயே பூச்சி ஒழிப்பு கம்பெனி சொன்னது, மறுத்துவிட்டார்கள். யாராவது கேட்டால் உண்ணி என்று சொல்லுமாறு ஊழியர்களுக்கு உத்தரவு. மருந்தடிக்கும்வரை வாடகைக்கு விடக்கூடாது என்று குறித்து வைத்த அறையையே இரண்டு பேருக்குக் கொடுத்தார்கள். ஆளுக்கு நட்டஈடு 5,000, தண்டம் 1,86,000. அதாவது 37 மடங்கு. கூட்டினால் 1,91,000. விடுதியில் இருந்தவை 191 அறைகள். அப்பீல் நீதிமன்றம் அதை அப்படியே விட்டது. நட்டஈடு சிறியதாக இருந்தால் வழக்குப் போடவே ஆள் வரமாட்டார்கள், செய்தவன் தப்பிவிடுவான் என்பது காரணம். எனக்கு மிகப் பிடித்த தீர்ப்பு.

காபியை அந்த அம்மாவே கொட்டிக்கொண்டதற்குக் கம்பெனி என்ன செய்யும்?

மேலே படியுங்கள். அந்த 20 சதவீதம் அதற்காகக் கழித்ததுதான்.

தண்டனை என்றால் பணம் அரசுக்குத்தானே போகவேண்டும்? வாதிக்கு ஏன் இந்த லாட்டரி?

நியாயமான கேள்வி. ஜார்ஜியாவில் பொருள் குறைபாட்டு வழக்குகளில் செலவு போக 75 சதவீதம் அரசுக் கருவூலத்துக்கே போகிறது. ஆனால் லாட்டரி என்ற சொல்லை ஏற்கமாட்டேன். வருடக்கணக்கில் அலைந்து ஆவணங்களை வெளியே கொண்டுவருவது வாதிதான்.

அதே நண்பர்: உழைப்புக்குக் கூலி சரி. மற்றவர்கள் பட்ட தீங்கின் பணத்தையும் ஒருவரே வாங்கலாமா?

கூடாது என்று 2007-இல் சிகரெட் கம்பெனி ஃபிலிப் மாரிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வழக்கில் இல்லாதவர்களின் தீங்குக்காகத் தண்டிக்க முடியாது. ஆனால் அந்தத் தீங்கை, நடத்தை எவ்வளவு மோசம் என்று அளக்க ஜூரி பார்க்கலாம்.

மீண்டும் அவர்: இரண்டும் ஒன்றுதானே?

கிட்டத்தட்ட ஒன்றுதான். எதிர்த்து எழுதிய நீதிபதிகளில் ஒருவரும் இந்த வேறுபாடு புரியவில்லை என்றுதான் சொன்னார். ஜூரி அறையில் பன்னிரண்டு பேர் இதைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று நானும் நம்பவில்லை. இதில் நீங்கள் சொல்வது சரி.

தண்ட இழப்பீட்டுக்கு வரி உண்டா?

உண்டு. உடல் காயத்துக்கான நட்டஈட்டுக்கு மத்திய வரி இல்லை, தண்டத்துக்கு உண்டு. வக்கீல் பங்கு தனி. கலிபோர்னியாவில் தண்டத்தை இன்சூரன்ஸ் கட்டாது. எதிராளியிடம் பணம் இல்லையென்றால் தீர்ப்புக் காகிதம்தான் மிஞ்சும். தலைப்பில் வரும் தொகையை நம்பாதீர்கள் என்று அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

காபி வழக்கு மாதிரி...

இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

போபாலுக்கு இது ஏன் நடக்கவில்லை?

யூனியன் கார்பைடு மீதான வழக்குகளை நியூயார்க் நீதிபதி 1986-இல் இந்தியாவில் நடத்தட்டும் என்று தள்ளிவிட்டார். 1989-இல் நம் உச்ச நீதிமன்றத்தில் 47 கோடி டாலருக்குச் சமரசம். கம்பெனியின் ஆவணங்களை முன்னால் வைத்து, தெரிந்தே விட்டாயா என்று கேட்க ஒரு ஜூரி உட்காரவே இல்லை. இதை எழுதும்போது இப்போதும் மனம் ஆறவில்லை.

டெக்சாஸில் எனக்கு ஒரு விபத்து. எவ்வளவு கிடைக்கும்?

அங்கே சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. தொகையை விடுங்கள், வழக்குப் போடக் காலக்கெடு உண்டு. இந்த வாரமே அந்த மாநில வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.