கதை நெஞ்சை அடைக்கும்போது பாதியில் நிறுத்துவது ஏன்?

புத்தகமோ நாடகமோ கணினி விளையாட்டோ, மனம் தாங்காத இடத்தில் மூடி வைத்துவிட்டுக் கொஞ்சம் ஆறியபிறகு திரும்பி வருவதைத்தான் இடைநிறுத்தம் என்கிறோம். கதை கற்பனை என்று அறிவுக்குத் தெரியும், ஆனால் உடம்பு அதைக் கேட்டுக்கொண்டு நிற்காது. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், உண்மையான ஆபத்தில் சுரக்கிற அதே அட்ரினலின் அப்போதும் சுரக்கும். அது அடங்க நேரம் வேண்டும்.

மாரியில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் நிரம்பினால் வான்கதவைத் திறந்துவிடுவார்களே, அதுபோலத்தான். தண்ணீர் வேண்டாம் என்றில்லை, குளக்கட்டு தாங்க வேண்டும்.

இலங்கையின் வன்னியில் 2009 இறுதிப் போரைக் கடந்து வந்த பலருக்கு இந்தத் தாங்காத நிலை சீக்கிரமே வந்துவிடும், ஏனென்றால் திரையில் ஒரு பதுங்குகுழியோ பிள்ளையைத் தேடும் ஒரு தாயோ வந்தாலே போதும், பழைய நினைவும் சேர்ந்து எழும்பிவிடும். எங்கள் அம்மம்மா அப்படிக் காட்சி வந்தால் பேசாமல் எழும்பிக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போடுவார், சீனியைக் கனநேரம் கரைத்துக்கொண்டே நிற்பார்.

சரி, கதை பிடிக்காததால்தான் நிறுத்துகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், அது பிழை, அம்மம்மா கோப்பையோடு திரும்பி வந்து முதலில் கேட்பது, "பிள்ளை கிடைச்சிட்டுதோ?"