அப்பா பெயரில் இருக்கும் வீட்டை விற்பதற்கு முன்னால் பாட்டி இறந்த தேதியைப் பாருங்கள்

கேட்டிருப்பது இது: "அப்பா காலமாகிச் சில வருடம் ஆகிறது. அவர் பெயரில் இருக்கும் பழைய வீட்டை விற்க நினைக்கிறோம். என்ன விலை சொல்லலாம்? புரோக்கர் இல்லாமல் விற்க முடியுமா?"

இரண்டுக்கும் பதில் இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் முதலில் சொல்லியாக வேண்டும். உங்கள் கேள்வியைப் படித்ததும் 2018இல் நான் நின்ற இடத்தில் நீங்கள் நிற்பது போலத் தெரிந்தது. அன்றைக்கு எங்களிடம் இதை யாராவது சொல்லியிருந்தால் 5 லட்ச ரூபாயும் ஒரு வருடமும் மிஞ்சியிருக்கும்.

நான் வக்கீல் இல்லை. ஒரு பள்ளி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் அனுபவத்தையும் அதில் தெரிந்துகொண்டதையும்தான் எழுதுகிறேன். உங்கள் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டாமல் எதுவும் செய்யாதீர்கள். நான் சொல்லும் வாரிசுக் கணக்கு உயில் இல்லாமல் இறந்த இந்துக்களுக்கானது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு.

எங்கள் வீடு திருச்சியில், கருமண்டபம் பக்கம். 1800 சதுர அடி மனை, அதில் ஓர் ஓட்டு வீடு. அப்பா 1992இல் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கடன் வாங்கிக் கட்டினார், 2003இல் கடனை அடைத்தார். 2013இல் அப்பா போய்விட்டார். நான் மூத்தவள், தம்பி புனேயில் வேலை. அம்மாவால் தனியாக இருக்க முடியாமல் என்னுடன் வந்த பிறகு, 2018இல் விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

நாங்கள் செய்த முதல் வேலை பெயிண்ட் அடித்தது. 85,000 ரூபாய். வந்து பார்த்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குள் வரவே இல்லை. வாசலில் நின்று ரோடு எத்தனை அடி, மனை எந்தத் திசை என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு அது இடிக்கப் போகிற கட்டடம். 25, 30 வருடத்து வீடு என்றால் சந்தையில் பெரும்பாலும் மனைக்குத்தான் விலை பேசுவார்கள். அந்தப் பணத்தைப் பத்திர வேலைக்கு வைத்திருக்கலாம்.

செப்டம்பரில் ஒருவர் 54 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டார். 2 லட்சம் அட்வான்ஸ், மூன்று மாதக் கெடு, ஒப்பந்தத்தைப் பதிவும் செய்தாயிற்று. அவர் வீட்டுக் கடன் போட்டு வாங்குகிறவர். பத்து நாளில் அவருடைய வங்கி வக்கீல் இரண்டு கேள்வி கேட்டு ஒரு தாள் அனுப்பினார்.

முதல் கேள்வி, 1992இல் எழுதிக் கொடுத்த அடமானம் வில்லங்கச் சான்றில் (ஈசி என்பார்கள், சொத்தின் மேல் பதிவானவற்றைக் காட்டும் சான்று) இன்னும் அப்படியே இருக்கிறதே, அதற்கு ரசீது எங்கே? அப்பா கடனை அடைத்த கையோடு பத்திரத்தையும் 'பாக்கி இல்லை' என்ற கடிதத்தையும் வாங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். கடிதம் போதாது. கடன் கொடுத்தவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து, கடன் தீர்ந்தது என்று ரசீதுப் பத்திரம் பதிந்து கொடுத்தால்தான் ஈசியில் அந்த அடமானம் தீர்ந்ததாக ஏறும். சங்கத்தில் அப்போது இருந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. பழைய பேரேடு வேறு கட்டடத்தில் கிடந்தது. அதைத் தேடி எடுத்து, கையெழுத்துப் போட வேண்டியவரை அழைத்து வர ஏழு வாரம் ஆனது. நான் பள்ளியில் அரை நாள் லீவு போட்டு ஒன்பது முறை போனேன்.

உங்கள் அப்பா வங்கியில் கடன் வாங்கியிருந்தாலும் இதே கதைதான். பத்திரத்தை ஒப்படைத்ததாகப் பதிவு செய்திருந்தால், அடைத்த பிறகு அதற்கும் ரசீது பதிய வேண்டும். நிறையப் பேர் பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கடனை இப்போதுதான் அடைக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு நல்ல செய்தி. முழுக் கடனும் தீர்ந்த 30 நாளுக்குள் வங்கிகள் ஆவணங்களைத் திருப்பித் தந்து, சொத்தின் மேல் பதிவான கடன் உரிமைக் குறிப்பையும் நீக்க வேண்டும், தங்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் உத்தரவு போட்டிருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இரண்டாவது கேள்விதான் எங்களை உட்கார வைத்தது. "வாரிசுச் சான்றில் இறந்தவரின் தாயார் பெயர் இருக்கிறது. அவர் எங்கே?"

அப்பா இறந்தபோது பாட்டி உயிரோடு இருந்தார். மூன்று வருடம் கழித்து 2016இல் போனார். அதனால் என்ன என்றுதான் நாங்களும் நினைத்தோம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு அவருடைய தாய்க்கும் சம பங்கு உண்டு. ஆக அப்பா கண் மூடிய நிமிடமே அந்த வீடு நான்கு பங்காகிவிட்டது: அம்மா, நான், தம்பி, பாட்டி. பிறகு பாட்டியும் உயில் இல்லாமல் இறந்ததும், அவருடைய கால் பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகிறது. அப்பாவோடு பிறந்தவர்கள் ஓர் அத்தை, ஒரு சித்தப்பா. அந்தக் கால் பங்கு மூன்றாகப் பிரிந்து அத்தைக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று, இறந்துபோன அப்பாவின் இடத்தில் எனக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒன்று. மருமகளான அம்மாவுக்கு அதில் எதுவும் இல்லை. முழு வீட்டில் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் ஆளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. அவர்கள் இருவரும் கையெழுத்துப் போடாமல் வீட்டை முழுதாக விற்க முடியாது.

பட்டாவை எங்கள் மூவர் பெயருக்கு மாற்றியிருந்தோமே என்று கேட்டேன். பட்டாவில் பெயர் இல்லாததால் அவர்கள் பங்கு இல்லாமல் போகாது என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

சித்தப்பாவுடன் எங்களுக்குப் பல வருடமாகப் பேச்சு இல்லை. தம்பி புனேயிலிருந்து வந்து, ஒரு பெரியவரை முன்னால் வைத்துப் பேசினான். சித்தப்பா தன் பங்குக்கு உரிய பணத்தை ஒரு ரூபாய் குறையாமல் கேட்டார். அப்போது எனக்கு வயிறு எரிந்தது. அப்பா அலைந்து கட்டிய வீட்டில் இவருக்கு என்ன என்று அம்மாவிடம் கத்தினேன். இப்போது யோசித்தால், சட்டப்படி அவருடையதைத்தான் அவர் கேட்டார். பேசி முடிப்பதற்குள் கெடு தாண்டிவிட்டது. வாங்குகிறவர் பொறுமை இழந்து அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். அதில் பாதி பெயிண்டிலும் அலைச்சலிலும் கரைந்திருந்தது. பதிவான ஒப்பந்தத்தை ரத்து செய்யாவிட்டால் அதுவும் ஈசியில் நிற்கும், பணம் கைக்கு வராமல் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். என் செயினை அடகு வைத்து அந்த 2 லட்சத்தைக் கொடுத்தோம்.

அதற்குள் தெருவில் பேச்சு பரவிவிட்டது, 'அந்த வீட்டில் வில்லங்கம்' என்று. அதன் பிறகு வந்த ஒவ்வொருவரும் அதைச் சொல்லியே விலையைக் குறைத்தார்கள். 2019 தை பிறந்த பிறகு ஒருவர் அமைந்தார், ஆவணியில் பத்திரம் பதிந்தோம். 49 லட்சம். அதே வீடு, அதே மனை. காகிதத்தில் ஓட்டை இருந்தால் விற்கிறவருக்கு வாயில்லை, அவ்வளவுதான்.

பதிவு நாளை மட்டும் சொல்லிவிடுகிறேன். விற்பவர்கள் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அத்தைக்கு அப்போது 76 வயது. விடியற்காலை பஸ்ஸில் ஏறித் தனியாக வந்தார். கைரேகை எடுக்கும் கருவியில் அவர் பெருவிரலை வைத்தால் பதியவே இல்லை. நாற்பது வருடம் நாற்றுப் பறித்த, களை எடுத்த கை, ரேகையே தேய்ந்து போயிருந்தது. ஊழியர் ஈரத்துணியால் துடைத்து, வேறு விரல் வைத்து, திரும்பத் திரும்ப அழுத்தச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னால உங்களுக்கு லேட்டாகுதா கண்ணு?" என்று கேட்டார். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பங்கே வேண்டாம் என்று சொன்னவர் அவர், பாட்டியின் தகரப் பெட்டியை மட்டும் கேட்டார். அத்தையை ஏமாற்றிவிட்டாய் என்று யாரும் எழுத வேண்டாம், அவர் பங்கு முழுவதும் அவர் பெயரில் டிடியாகத்தான் போனது, பத்திரத்திலேயே அது எழுதியிருக்கிறது.

இன்னொன்றையும் எழுதாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று நினைப்பவர்கள் தாண்டிப் போகலாம். அந்த ஒரு வருடத்தில் வீடு பார்க்க வந்தவர்களும் தரகர்களும் என்னிடம் கேட்ட கேள்வி, "வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" பத்திரம் என் கையில் இருக்கிறது, விலை சொல்வது நான், கையெழுத்துப் போடப் போவதும் நான். என் கணவருக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல் உரிமை கிடையாது. ஆனால் அவர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் எல்லோரும் அவர் பக்கம் திரும்பி, "சார், கடைசியா என்ன சொல்றீங்க?" என்பார்கள். அவர் என்னைக் கைகாட்டினாலும் பேச்சு அவரிடமேதான் நடக்கும். எங்கள் சொந்தத்திலேயே ஒருவர், "உனக்குத்தான் கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே, தம்பிக்கு விட்டுக்கொடுத்துட வேண்டியதுதானே" என்றார். அம்மாவை ஐந்து வருடமாக வைத்துப் பார்ப்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று 1989இலேயே சட்டம் திருத்தினார்கள். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்குச் சம பங்கு 1956இலிருந்தே இருக்கிறது. தம்பி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

விலை: வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் தெருவாரியாகப் பார்க்கலாம். அது அரசு கட்டணம் வாங்குவதற்கான கணக்கு, சந்தை விலை பெரும்பாலும் அதற்கு மேல் இருக்கும். உங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் கடந்த ஒரு வருடத்தில் உண்மையில் கைமாறிய மனைகளின் விலையை, விற்றவர்களிடமே போய்க் கேளுங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை, கேட்கிற விலைதான். வாங்குகிறவரின் மொத்தக் கையிருப்பையும் மனதில் வையுங்கள். நாங்கள் விற்றபோது அவருக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம் செலவு. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாக்கி, கூடவே வழிகாட்டி மதிப்பை ஏற்றினார்கள். இப்போதும் 9 சதவீதம் அவர் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்பார்கள். சம்மதிக்காதீர்கள். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015இலிருந்து வருமான வரிச் சட்டம் சொல்கிறது, வாங்கினால் அதே அளவு அபராதம் வரலாம். விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குகிறவர் 1 சதவீதம் வரிப் பிடித்தம் செய்வார், பயப்பட வேண்டாம், உங்கள் கணக்கில்தான் வரவாகும். பங்குதாரர் யாராவது வெளிநாட்டில் குடியிருந்தால் பிடித்தம் வேறு மாதிரி, ஆடிட்டரைப் பாருங்கள். அப்பா வீடு கட்டிய காலத்து ரசீதுகளையும் தூக்கிப் போடாதீர்கள், வரிக் கணக்கில் அவருடைய செலவுதான் உங்கள் அடக்க விலை. 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியது என்றால் அந்த ஏப்ரல் 1ஆம் தேதி மதிப்பை எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

புரோக்கர்: இல்லாமல் முடியும், நேரம்தான் அதிகம் பிடிக்கும். தரகர்கள் எல்லோரும் மோசம் என்று நான் சொல்லவில்லை, எங்களுக்குக் கடைசியில் ஆளைக் கொண்டு வந்தவரும் தரகர்தான். 2 சதவீதம் கேட்டார், 1 கொடுத்தோம், அதைப் பத்திரம் பதிந்த அன்றுதான் கொடுத்தோம். ஆனால் 'எல்லாம் கிளியர்' என்று அவர் சொல்வதை நம்பி அட்வான்ஸ் வாங்காதீர்கள், அவர் உங்கள் தாய்ப்பத்திரத்தை (சொத்தின் பழைய மூலப் பத்திரம்) படித்திருக்க மாட்டார். ஆடியில் ஆள் வரவில்லையே என்று பதறி விலையைக் குறைக்கவும் வேண்டாம்.

இன்று ராத்திரி செய்ய வேண்டியது இவ்வளவுதான். பதிவுத்துறை தளத்தில் 30 வருட ஈசியை இலவசமாகப் பார்க்கலாம், பார்த்து அடமானம் ஏதாவது தீராமல் நிற்கிறதா என்று பாருங்கள். கணினியில் ஏறாத பழைய வருடங்களுக்கு அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். அப்புறம் ஒரு தாளில் அப்பா இறந்த தேதியையும் பாட்டி இறந்த தேதியையும் எழுதுங்கள். பாட்டி அப்பாவுக்குப் பிறகு போனவர் என்றால், புரோக்கருக்குப் போன் செய்வதற்கு முன்னால் உங்கள் அத்தைக்குச் செய்யுங்கள்.