மாடல் ரயில் வயரிங்: பீப் சத்தத்துக்கு அப்புறம் என்ன சோதிப்பது?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, மூடி வைத்திருந்த மாடல் ரயில் லேஅவுட்டைத் திறக்கும் நேரம் இது. டி.சி.சி. முறையில், அதாவது தண்டவாளம் வழியே மின்சாரத்தோடு டிஜிட்டல் கட்டளையும் அனுப்பி ரயில் ஓட்டும் நம் பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இம்முறை ஒயரையே சுற்றி வருகின்றன.

மன்னார்குடி வாசகர்: மாடி அறையில் 8 மீட்டர் நீளத்துக்கு ட்ராக் போட்டிருக்கிறேன். மல்டிமீட்டர் எல்லா இடத்திலும் பீப் அடிக்கிறது. ஆனால் கடைசி ஸ்டேஷனில் இரண்டு எஞ்ஜின் சேர்ந்து ஓடினால் திணறுகின்றன. அடியில் ஓடுவது 0.5 சதுர மி.மீ. ஒயர்.

மீட்டர் பீப் அடிக்க அனுப்பும் மின்சாரம் மிக மிகச் சிறியது. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது பீப் அடிக்கும். எஞ்ஜின் ஓடும் அளவுக்கு மின்சாரம் இழுத்துப் பார்த்தால்தான் ஒயரின் யோக்கியதை தெரியும்.

ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஹோல்டரோடு வாங்குங்கள். எரியும்போது ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் பூஸ்டருக்கு (ட்ராக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) இது சரி. சின்ன பூஸ்டர் என்றால் 5 அல்லது 10 வாட் பல்பு போடுங்கள். பல்பு எரியத் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்சாரம் பல மடங்கு என்பதால் சின்ன பூஸ்டர் ட்ரிப் ஆகிவிடும். கடைசி ஸ்டேஷனில் தண்டவாளத்தின் மேல் பல்பை எரியவிட்டு, பூஸ்டர் அருகே ஒரு அளவு, பல்பு அருகே ஒரு அளவு, இரண்டையும் ஏ.சி. ரேஞ்சில் எடுங்கள். சாதாரண மீட்டர் 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, டி.சி.சி. அலையோ ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் மாறுவது. அதனால் வரும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அரை வோல்ட்டுக்குள் என்றால் கவலையில்லை. ஒன்றைத் தாண்டினால் தேட வேண்டும்.

உங்கள் கணக்கில் தேடவே வேண்டாம். 0.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி மீட்டருக்கு ஏறக்குறைய 0.036 ஓம். போக 8, வர 8, ஆக 16 மீட்டருக்கு 0.58 ஓம். 2 ஆம்பியரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே போய்விடுகிறது. 5 ஆம்பியர் என்றால் கிட்டத்தட்ட 3 வோல்ட். வீட்டு வயரிங்குக்கு விற்கும் 2.5 ஒயரைப் போட்டால் அதே 5 ஆம்பியரில் 0.6 வோல்ட்தான். மெயின் ஒயரை மாற்றுங்கள். 0.5 ஒயரை வீணாக்க வேண்டாம், மெயின் ஒயரிலிருந்து தண்டவாளத்துக்கு ஏறும் குட்டி ஒயர்களான ஃபீடர்களுக்கு அது அருமையாகப் பொருந்தும்.

கும்பகோணம் வாசகர்: த்ரோட்டிலையும் பூஸ்டர்களையும் இணைக்கும் லோகோநெட் கேபிளுக்கு நானே பிளக் அடித்தேன். த்ரோட்டில் (எஞ்ஜினை ஓட்டும் கைக்கருவி) நன்றாக வேலை செய்கிறது. ஆனால் முதல் பூஸ்டர் பகுதியிலிருந்து இரண்டாவதுக்குள் எஞ்ஜின் நுழையும்போது ஷார்ட் ஆகிறது.

கேபிளின் ஒரு முனை தலைகீழாக அடிக்கப்பட்டிருக்க வேண்டும். லோகோநெட்டின் 6 கம்பிகளில் நடு இரண்டும் தகவலுக்கு, அவற்றுக்கு வெளியே உள்ள இரண்டும் கிரவுண்டு, ஓரத்து இரண்டும் ரெயில் சிங்க் எனப்படும் ட்ராக் சிக்னல். வரிசை புரண்டாலும் தகவலும் கிரவுண்டும் தத்தம் ஜோடிக்கே போய்ச் சேரும். அதனால் த்ரோட்டில் ஒன்றும் சொல்லாது. ஓரத்து இரண்டு மட்டும் இடம் மாறி, பூஸ்டர் தலைகீழ் அலையைத் தண்டவாளத்துக்கு அனுப்பும். இரண்டு பகுதிக்கும் நடுவில் சக்கரம் பாலம் போட்டதும் ஷார்ட்.

இரண்டு பிளக்கையும் ஒரே பக்கம் பார்க்க, கிளிப் கீழே இருக்க, அருகருகே பிடியுங்கள். செம்புத் தகடுகளுக்குப் பின்னால் தெரியும் நிறங்கள் இரண்டிலும் இடமிருந்து வலம் ஒரே வரிசையில் வர வேண்டும். கேபிள் சரியாக இருந்தும் ஷார்ட் ஆனால், இரண்டு பூஸ்டர் பகுதிகளின் எல்லையில் தண்டவாளத்தில் விட்ட இடைவெளியின் இரு பக்கமும் ஒரே தண்டவாளத்தில் மீட்டர் முனைகளை வையுங்கள். சுழிக்கு அருகில் காட்டினால் சரி. ட்ராக் வோல்ட்டேஜ் அளவுக்குக் காட்டினால் இரண்டாவது பூஸ்டரின் ட்ராக் ஒயர்களை மாற்றிப் போடுங்கள்.

வீட்டு டெலிபோனுக்கு விற்கும் 4 கம்பி கேபிள் வேண்டவே வேண்டாம். ஓரத்து இரண்டு கம்பி அதில் இல்லை. பூஸ்டருக்கு சிக்னலே போகாது, த்ரோட்டிலும் பேட்டரி போட்டால்தான் உயிர் பெறும். அப்புறம், அடிக்கும்போது வெளித்தோலை மட்டும் உரியுங்கள். உள்ளே இருக்கும் 6 கம்பிகளின் தோல் அப்படியே இருக்கட்டும், பிளக்கின் பல் அதைத் துளைத்துக்கொள்ளும். வெளித்தோல் பிளக்கின் பிடிக்குள் நுழைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நாலு முறை இழுத்தாலே கம்பி கழன்றுவிடும். அடித்து முடித்த ஒவ்வொரு கேபிளையும் பிளக்கின் கழுத்தில் வளைத்து ஆட்டியபடியே சோதியுங்கள். அசையாமல் கிடக்கும் கேபிள் தேறிவிடும், கையில் பிடித்து நடக்கும்போதுதான் விட்டுப்போகும்.

திருவாரூர் வாசகர்: பழைய மீட்டர் கேஜ் பாதையை 12 மி.மீ. ட்ராக்கில் செய்கிறேன். நாணயம் வைத்துச் சோதிப்பது எப்படி?

மீட்டர் கேஜை இந்த அளவில் செய்பவர்கள் இங்கே குறைவு, மனமார்ந்த வாழ்த்துகள். 1 ரூபாய் நாணயம் 12 மி.மீ. ட்ராக்குக்கும் 16.5 மி.மீ. ட்ராக்குக்கும் தாராளமாகப் போதும். எஞ்ஜின்களை எடுத்துவிட்டு, பவர் கொடுத்து, முழத்துக்கு ஒரு இடமாக நாணயத்தை இரு தண்டவாளத்தையும் தொடும்படி வையுங்கள். பூஸ்டர் உடனே ட்ரிப் ஆக வேண்டும். ஆகாத இடத்தில் ஒரு நொடிக்கு மேல் வைக்காதீர்கள். அங்கே நிஜமாகவே எஞ்ஜின் தடம் புரண்டால், பூஸ்டரின் முழு மின்சாரமும் நிற்காமல் ஓடி சக்கரத்தையும் பிளாஸ்டிக் கட்டைகளையும் உருக்கிவிடும். அந்த இடத்தில் ஃபீடர் சேருங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: கடற்காற்றில் இணைப்புகள் கெட்டுப்போகின்றன. எது கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேலே சொன்ன பல்பை எரியவிட்டு, மீட்டரின் இரு முனையையும் ஒரே தண்டவாளத்தில், ஃபிஷ் பிளேட்டுக்கு (தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகடு) இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வையுங்கள். நல்ல இணைப்பு என்றால் சுழிக்கு அருகில் நிற்கும். 0.3, 0.4 வோல்ட் என்று காட்டினால் குற்றவாளி அதுதான். ஸ்க்ரூ டெர்மினல்களையும் அப்படியே பாருங்கள். கழற்றினால் கம்பி நுனியில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக முறுக்குங்கள். ஃபிஷ் பிளேட்டை மின்சாரத்துக்கு நம்பவே வேண்டாம், ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்துக்கும் ஈயம் வைத்த தனி ஃபீடர் கொடுங்கள்.

பாபநாசம் வாசகர்: மாமா எலக்ட்ரீஷியன். மெக்கர் (ஒயர் தோலின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்கலாம் என்கிறார்.

கூடாது. மெக்கர் 500 வோல்ட் கொடுக்கும். ட்ராக்கில் டீகோடரோ (எஞ்ஜினுக்குள் கட்டளையை வாங்கும் சர்க்யூட்), அடியில் பூஸ்டரோ இணைப்பில் இருந்தால் போய்விடும். மாமாவிடம் ஈயம் வைக்கும் வேலையைக் கொடுங்கள்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீட்டுக்குள் வந்து ஒயரைக் கடித்துவிட்டன. இப்போது எங்கோ ஷார்ட்.

பவரை நிறுத்தி, எஞ்ஜினையும் விளக்கு வைத்த பெட்டிகளையும் எடுத்துவிடுங்கள். மெயின் ஒயரை நடுவில் கழற்றுங்கள். எந்தப் பாதியில் பீப் வருகிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். நாலைந்து தடவையில் இடம் சிக்கிவிடும். இங்கே பீப்பே போதும். சரிசெய்ததும் ஒயரை பி.வி.சி. பைப்புக்குள் விட்டு, பைப் வாயைக் கம்பி வலையால் அடைத்துவிடுங்கள்.