கப்பல் தயார், துறை தயாரா? – வாசகர் கேள்வி பதில்

பயணிகளும் கார்களும் ஏறும் ஃபெர்ரிகளை வெளிநாட்டு யார்டில், அதாவது கப்பல் கட்டும் தளத்தில், ஆர்டர் கொடுத்துக் கட்டுவது பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வாங்குபவர் தரப்பு ஆய்வாளராக யார்டுகளில் சில வருடங்கள் கழித்தவன் என்பதால், தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: சொந்த நாட்டிலேயே கப்பல் கட்டும் தளம் இருக்கும்போது ஏன் வெளிநாட்டுக்கு ஓடுகிறார்கள்? வரிப்பணமும் போகிறது, வேலையும் போகிறது. உங்களுக்கு வயிறு எரியவில்லையா?

எரிகிறது. தலைமுறை தலைமுறையாக வெல்டிங் செய்த ஊரில் யார்டு வாசல் மூடிக் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் எரியும். ஆனால் தீவில் இருப்பவருக்குக் கப்பல் வேண்டும், அதுவும் சொன்ன தேதிக்கு வேண்டும். இந்த இரண்டு நியாயமும் மோதும் இடம்தான் இது.

ஸ்காட்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் கிளென் சானக்ஸ், கிளென் ரோசா என்று இரண்டு ஃபெர்ரிகளுக்கு உள்ளூர் யார்டான ஃபெர்குசனிடம் 9.7 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். வடிவமைப்பு முழுதாக முடிவாகும் முன்பே எஃகு வெட்டத் தொடங்கிவிட்டார்கள். எரிவாயு, டீசல் இரண்டிலும் ஓடும் என்ஜின் வேறு, அந்த யார்டுக்கு அது புதிது. 2017 நவம்பரில் கிளென் சானக்ஸைக் கடலில் இறக்கியபோது மேலே ஜன்னல்கள் இல்லை, ஜன்னல் மாதிரி கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். 2018-ல் வர வேண்டிய கப்பல் 2025 ஜனவரியில்தான் பயணிகளை ஏற்றியது. செலவோ பல மடங்கு. அந்த அனுபவத்துக்குப் பிறகு, 2022-ல் அடுத்த கப்பல்களைத் துருக்கியின் ஜெம்ரே யார்டில் கொடுத்தார்கள். மொத்தம் நான்கு. ஒவ்வொன்றிலும் 450 பேர், சுமார் 100 கார்கள். சரி, அது நேரத்துக்கு வந்ததா? 2024 அக்டோபரில் வர வேண்டிய முதல் கப்பல் ஒரு வருடத்துக்கும் மேல் தள்ளிப்போனது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கதை வேறு மாதிரி. 2025-ல் அந்த மாகாணத்தின் ஃபெர்ரி நிறுவனமான பி.சி. ஃபெர்ரீஸ் நான்கு கப்பல்களைச் சீனாவின் வெய்ஹாய் யார்டில் கொடுத்ததும் பெரிய சத்தம் எழுந்தது. ஆனால் அந்த டெண்டருக்குக் கனடா யார்டு ஒன்றுகூட விலை குறித்துப் போட்டியிடவில்லை. அவர்கள் கையில் வேறு வேலை நிறைய இருந்தது. அதே மாகாணம் 1990-களில் மூன்று அலுமினிய வேக ஃபெர்ரிகளை உள்ளூரிலேயே கட்டி, 21 கோடி டாலர் என்று தொடங்கியது 45 கோடியைத் தாண்டி, கடைசியில் மூன்றையும் ஏலத்தில் 2 கோடிக்கும் குறைவாக விற்றது. அதை நேரில் பார்த்த தலைமுறை இன்னும் அங்கே இருக்கிறது.

என்னைக் கேட்டால், யார்டு எந்த நாட்டில் இருக்கிறது என்பதைவிட முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வாங்குகிறவர் தனக்கு என்ன வேண்டும் என்று கையெழுத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டாரா?

கேள்வி: எல்லா நாடும் இப்படி வெளியே வாங்கிக்கொள்ளலாமா?

இல்லை. அமெரிக்காவில் உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு இடையே பயணிகளை ஏற்றும் கப்பல் அங்கேயே கட்டியதாக இருக்க வேண்டும். அந்தப் பயணிகள் கப்பல் சட்டத்தின் வேர் 1886 வரை போகிறது. அதனால் வாஷிங்டன் மாநிலம் 2025-ல் புது ஃபெர்ரிகளுக்கு யார்டு தேடியபோது, போக முடிந்த தூரம் நாட்டின் மறுகோடியில் இருக்கும் ஃப்ளோரிடா வரைதான்.

கேள்வி: பாதிக் கப்பல் கட்டும்போது யார்டு திவாலாகிவிட்டால் கொடுத்த பணம் என்ன ஆகும்?

நல்ல கேள்வி, நிறைய பேர் கப்பல் நின்ற பிறகுதான் இதைக் கேட்கிறார்கள். பணம் ஒரே மூச்சில் போகாது. கையெழுத்து, முதல் எஃகு வெட்டு, கீல் (கப்பலின் அடி முதுகெலும்பு) வைப்பு, நீரில் இறக்குதல், ஒப்படைப்பு என்று படிப்படியாகப் போகும். ஒப்படைப்புக்கு முன் கொடுக்கும் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நல்ல வங்கியிடமிருந்து, 'யார்டு கட்டித் தரவில்லை என்றால் நாங்கள் திருப்பித் தருகிறோம்' என்ற உத்தரவாதக் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். அது கையில் இல்லாமல் பணம் கொடுத்தால், நடுவழியில் நிற்பது யார்டு மட்டுமல்ல, நீங்களும்தான். மேலே சொன்ன கிளென் சானக்ஸ் ஒப்பந்தத்தில் முழு உத்தரவாதம் வாங்கப்படவில்லை. 2019-ல் அந்த யார்டு நொடித்தபோது, அரசே அதை எடுத்து நடத்துவதைத் தவிர வழியில்லாமல் போனது.

ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவின் ஃபெர்ரி நிறுவனம் டிடி-லைன் ஒருமுறை இதிலிருந்து தப்பித்தது. முதலில் ஜெர்மனியின் ஃபிளென்ஸ்பர்க் யார்டைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அந்த யார்டின் பண நிலைமை மோசமானதும் விலகி, பிறகு 2021-ல் பின்லாந்தின் ரவுமா யார்டுடன் ஒப்பந்தம் போட்டார்கள்.

தவணைகளை எந்தப் படியில் எவ்வளவு வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். 'நீரில் இறக்கினால் இவ்வளவு' என்று பெரிய தொகையை வைத்தால், வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் யார்டு கப்பலை நீரில் தள்ளிவிடத்தான் பார்க்கும். உலர்ந்த தளத்தில் ஒரு நாளில் முடிகிற வேலை மிதக்கும் கப்பலில் ஒரு வாரம் இழுக்கும். அப்புறம், கட்டணம் எந்த நாட்டுப் பணத்தில் என்பது. மூன்று வருடத்தில் நாணய மதிப்பு ஏறி இறங்குவதில் லாபம் பார்க்க நினைக்காதீர்கள், கையெழுத்திட்ட நாளிலேயே விலையைக் கட்டிப் போட வங்கிகளில் வழி இருக்கிறது.

கேள்வி: யார்டில் உங்களைப் போன்றவர்கள் என்னதான் செய்கிறீர்கள்? வகைப்பாட்டு நிறுவனத்து ஆட்கள் இருக்கிறார்களே?

லாயிட்ஸ் ரெஜிஸ்டர், டிஎன்வி போன்ற நிறுவனங்கள் பார்ப்பது, கப்பல் விதிப்படி பலமாகவும் பாதுகாப்பாகவும் இருக்கிறதா என்று. நாளைக்கு உங்கள் ஊழியர் அந்த பம்ப்பைக் கழற்ற ஸ்பேனர் நுழையுமா, 15 வருடம் கழித்து அந்த மூலை துருப்பிடிக்குமா என்பதெல்லாம் வாங்குபவரின் கவலை. அதற்கு ஆள் அங்கேயே தங்கியிருக்க வேண்டும்.

என் நாளின் பாதி தொட்டியில் போகும். கப்பலின் சமநிலைக்காகக் கடல் தண்ணீர் நிரப்பும் தொட்டிகள். ஓர் ஆள் முடங்கி நுழையும் ஓட்டை வழியே டார்ச்சுடன் இறங்கி, பெயிண்டுக்கு முன் எஃகின் ஒவ்வொரு விளிம்பிலும் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்ப்பேன். கூராக இருந்தால் பெயிண்ட் அங்கே நிற்காது, மெலிந்து வழிந்துவிடும், துரு முதலில் பிடிப்பது அந்த இடத்தில்தான். விளிம்பை 2 மில்லிமீட்டர் ஆரத்துக்காவது மழுக்க வேண்டும் என்பது விதி. கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் தேய்ப்பேன். கையுறையோடு தேய்த்தால் எல்லாமே வழவழப்பாகத்தான் தெரியும். சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு வந்தால், மறுநாள் காலை வட்டம் அழிந்திருக்கும். விளிம்பு மழுங்கியிருக்கிறதா, வட்டம் மட்டும் அழிந்திருக்கிறதா என்று மறுபடி இறங்கிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாமதத்துக்குக் காரணம் எப்போதும் யார்டு அல்ல. ஒரு கப்பலில் சிற்றுண்டிக் கூடத்துக் கதவை ஒரு மீட்டர் தள்ளி வைக்கச் சொன்னது எங்கள் தரப்புதான். கதவு நகர்ந்ததும் அதன் மேலே போன கேபிள் தட்டு நகர்ந்தது, அதற்கு இடம் விட காற்றுக் குழாய் நகர்ந்தது, குழாய்க்குள் தீ பரவாமல் தடுக்கும் தகடும் நகர்ந்தது, அதனால் தீத்தடுப்பு வரைபடம் மறுபடி ஒப்புதலுக்குப் போனது. இரண்டு மாதம். அந்தக் கதவை வரைபடத்திலேயே நகர்த்தியிருந்தால் பென்சிலும் ரப்பரும் போதும். ஒப்பந்தத்துக்குப் பின் கேட்கும் ஒவ்வொரு மாற்றமும் பணமாகவும் நாளாகவும் எடையாகவும் திரும்பி வரும். அதில் எடைதான் ரொம்ப மோசம், மேல்தளத்தில் ஏறும் ஒவ்வொரு டன்னுக்கும் கீழே நீங்கள் ஏற்றக்கூடிய லாரி குறையும்.

கேள்வி: கப்பல் கட்டி முடித்த பிறகு நிறுத்த இடம் இல்லாமல் வேறு நாட்டில் போட்டு வைத்தார்களாமே, உண்மையா?

உண்மை. டிடி-லைனின் ஸ்பிரிட் ஆஃப் டாஸ்மேனியா 4. 212 மீட்டர் நீளம், 1,800 பயணிகள். ரவுமா யார்டு 2024 செப்டம்பரில் கையில் கொடுத்துவிட்டது. ஆனால் டாஸ்மேனியாவின் டெவன்போர்ட்டில் அது வந்து அணைய வேண்டிய புதுத் துறை கட்டியிருக்கவில்லை. பின்லாந்தின் பனிக்காலத்துக்கு முன் கிளம்பிய கப்பல் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் போய் நின்றது. புத்தம் புதுக் கப்பல், ஒரு பயணிகூட ஏறாமல், மாதக்கணக்கில். உள்கட்டமைப்பு அமைச்சர் பதவி விலகினார். அந்தத் தீவின் மக்கள் இதற்காகக் காத்திருந்த வருடங்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கப்பல் கட்டுவதைவிடத் துறை கட்டுவது கஷ்டம் என்று கப்பல் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், இருந்தும் கப்பலுக்கு ஒரு குழு, துறைக்கு இன்னொரு குழு என்று பிரித்துவிட்டு இரண்டும் ஒரே நாளில் முடியும் என்று நம்புகிறார்கள்.

இடையில் ஒன்று: ஹோபார்ட்டில் இருக்கும் இன்கேட் யார்டு அதே டாஸ்மேனியாவில்தான் உலகின் மிகப் பெரிய பேட்டரி ஃபெர்ரியைக் கட்டி 2025 மே மாதம் நீரில் இறக்கியது. 130 மீட்டர், 2,100 பேர், தென் அமெரிக்காவுக்காக. அவர்கள் கைதேர்ந்தது இலேசான அலுமினியக் கட்டுமானத்தில், டிடி-லைனுக்கு வேண்டியிருந்தது எஃகுக் கப்பல். 'உள்ளூரில் யார்டு இருக்கிறதே' என்று சொல்லும் முன் அது எந்த மாதிரி யார்டு என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நியூசிலாந்தில் இன்னும் வேதனை. 2021-ல் அரசு ரயில் நிறுவனமான கிவிரெயில் இரண்டு ஃபெர்ரிகளுக்குக் கொரியாவின் ஹூண்டாய் மீபோவிடம் 55.1 கோடி நியூசிலாந்து டாலருக்கு நிலையான விலை பேசியது. நல்ல விலை. ஆனால் ரயில் பெட்டிகளும் ஏறும் அந்தப் பெரிய கப்பல்களுக்காக இரண்டு பக்கத் துறைகளையும் மாற்றும் செலவு வளர்ந்து வளர்ந்து, மொத்தத் திட்டம் 300 கோடியை நெருங்கியது. அதில் கப்பலின் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான். 2023 டிசம்பரில் புது அரசு கூடுதல் பணம் தர மறுத்தது, ஒப்பந்தம் முறிந்தது, யார்டுக்கு 14.4 கோடி டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். அதற்கு ஒரு கப்பலும் வரவில்லை.

கேள்வி: கீல் வைக்கும்போது நாணயம் வைப்பார்கள் என்கிறார்களே?

வைப்பார்கள், அதிர்ஷ்டத்துக்காக. கப்பலின் முதல் எஃகுப் பகுதிக்கு அடியில் வைத்து அப்படியே மூடிவிடுவதும் உண்டு, பிறகு எடுத்துக் கப்பலிலேயே காட்சிக்கு வைப்பதும் உண்டு. எனக்கு அந்தச் சடங்கு பிடிக்கும். அன்று ஒருநாள்தான் யார்டுக்காரரும் வாங்குபவரும் ஒரே பக்கம் நிற்பார்கள்.

கேள்வி: கார் ஏற்றும் கப்பல் மற்றக் கப்பலைவிட ஆபத்தானதா?

அதன் உடம்பு அப்படி. மற்றக் கப்பல்களில் உள்ளே குறுக்குச் சுவர்கள் பல இருக்கும். கார் ஏற வேண்டுமென்றால் முன்னிருந்து பின்வரை சுவரே இல்லாத நீண்ட தளம் வேண்டும். 90 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலமுள்ள ஒரு தளத்தில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் ஏறினால் 144 கன மீட்டர், அதாவது சுமார் 148 டன். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி ஒரு கையில் தூக்கிப் பாருங்கள், எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே தண்ணீர் எல்லாம் ஓடி இன்னும் சாய்க்கும். கப்பலிலும் அதுதான் நடக்கிறது.

1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் சீப்ரூக்கில் ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் முன் கதவு திறந்தபடியே கிளம்பி, சில நிமிடங்களிலேயே கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். கதவு மூடியிருக்கிறதா என்று காட்டும் ஒரு விளக்கு கேப்டன் கப்பலை ஓட்டும் அறையில் இல்லை. ஒரு விளக்கு! 1994 செப்டம்பர் 28 அன்று பால்டிக் கடலில் எஸ்டோனியா என்ற ஃபெர்ரியின் முன்மூடியை அலைகள் பெயர்த்தெடுத்தன. 852 பேர். அதன் பிறகு ஐரோப்பிய நாடுகள் 1996-ல் ஸ்டாக்ஹோமில் கூடி, கார் தளத்தில் அரை மீட்டர் வரை தண்ணீர் நின்றாலும் கப்பல் கவிழக் கூடாது என்று விதி செய்தார்கள். கடல் சோதனை ஓட்டத்தில் மற்றவர்கள் வேகத்தைப் பார்க்கும்போது நான் முன் கதவின் விளக்கைத்தான் முதலில் பார்ப்பேன். கதவை ஒரு கை அகலம் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு மேலே ஓடி, விளக்கு சிவப்பாக மாறியிருக்கிறதா என்று.

கேள்வி: கட்டிய கப்பலைத் தானே ஓட்டிக்கொண்டு வருவார்களா, ஏற்றிக்கொண்டு வருவார்களா?

பெரியது தானே வரும். பக்கத்துத் தீவுக்கு மட்டும் ஓடுகிற சின்ன ஃபெர்ரிக்கு ஆழ்கடலில் போகும் சான்றிதழ் இருக்காது, அந்த ஒரே ஒரு பயணத்துக்கு மட்டும் விலக்கு வாங்கி, தாழ்வான ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, நல்ல வானிலைக்குக் காத்திருந்து கொண்டுவருவார்கள். இல்லையென்றால் பாரம் தூக்கும் பெரிய கப்பலின் முதுகில்.

கேள்வி: நாங்கள் தீவுக்காரர்கள். புதுக் கப்பலுக்கு வடிவமைப்பு நடக்கிறது, கருத்து கேட்கிறார்கள். என்ன கேட்பது?

இருக்கையின் நிறத்தைப் பற்றிக் கேட்பார்கள், அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். கார் தளத்திலிருந்து மேலே போகும் லிஃப்டில் சக்கர நாற்காலியும் தள்ளுகிறவரும் சேர்ந்து திரும்ப முடியுமா, லிஃப்ட் பழுதானால் அவர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று கேளுங்கள். தண்ணீர் மிகவும் வற்றும் நாளில் சாய்தளம் எத்தனை டிகிரி நிற்கும், தாழ்வான காரின் வயிறு உரசுமா, ஆம்புலன்ஸ் ஏறுமா என்று கேளுங்கள். இந்தக் கப்பல் பழுதுபார்க்கப் போகும் வாரங்களில் எந்தக் கப்பல் வரும், அது உங்கள் துறையில் பொருந்துமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எஃகு வெட்ட இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்குள் கேட்டு முடியுங்கள்.