கேள்வி – பதில்: அந்த இரண்டரை மணி நேரம்

கேள்வி: உலகத் தலைவர்கள் ஆண்டுதோறும் எங்காவது கூடுகிறார்கள், கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், ஓர் அறிக்கையை வெளியிட்டுவிட்டுக் கலைகிறார்கள். சர்வதேச ஒத்துழைப்பு என்று சொல்லப்படும் இதனால் சாமானிய மனிதனுக்கு இதுவரை ஏதாவது கிடைத்திருக்கிறதா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த ஒத்துழைப்பு இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு நம் கரையே சாட்சி.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை 6.28 மணிக்குச் சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால், கடலுக்கடியில் 9.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் அதைக் கண்டுகொண்டு, 8.0 என்று குறைத்து மதிப்பிட்டு, பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என அறிவித்தது. நடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து, இரண்டாம் அறிவிப்பில் அதன் அளவை 8.5 என உயர்த்தியபோது, நடுக்கம் நிகழ்ந்த இடத்தை ஒட்டிச் சுனாமி எழக்கூடும் என்றும் குறிப்பிட்டார்கள். அந்தக் குறிப்பை வாங்கி நாகப்பட்டினத்துக்கோ மட்டக்களப்புக்கோ சொல்வதற்கு, இந்தியப் பெருங்கடலைச் சுற்றி ஓர் ஏற்பாடும் இருக்கவில்லை. கார் நிக்கோபாரை அலை அழித்த பிறகும் தமிழகக் கரையில் வழக்கமான ஞாயிறு காலையாகவே பொழுது போய்க்கொண்டிருந்தது. அலை இங்கே வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதை ஒட்டியிருந்தது. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே நடந்து செல்ல இருபது நிமிடம் போதும். கடலோ நமக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கொடுத்திருந்தது. பதினான்கு நாடுகளில் சுமார் 2.3 லட்சம் பேர் மாண்டார்கள்.

பசிபிக் நாடுகள் இந்தப் பாடத்தை முன்பே படித்திருந்தன. 1960 மே மாதம் சிலியில் எழுந்த அலை, பெருங்கடலையே கடந்து, சுமார் 22 மணி நேரம் கழித்து ஜப்பானில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பிறகுதான், 1965-இல், யுனெஸ்கோவின் கீழ் இயங்கும் அரசுகளுக்கிடையேயான கடலியல் ஆணையம் அந்த நாடுகளை ஒரே எச்சரிக்கை அமைப்புக்குள் கொண்டுவந்தது. நம் பக்கம் பெரிய சுனாமி அரிது என்பதால், அப்படியொன்றுக்குப் பணம் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை.

கேள்வி: இப்போது மீண்டும் ஒன்று வந்தால் நமக்கு யார் சொல்வார்கள்? வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும்வரை காத்திருக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: வேண்டாம். ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்று அழைக்கப்படும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில், 2007 அக்டோபர் முதல் சுனாமி எச்சரிக்கைப் பிரிவு இரவும் பகலும் இயங்குகிறது. நிலநடுக்கம் பதிவானவுடன், முன்பே கணினியில் கணக்கிட்டு வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான மாதிரிகளில் பொருத்தமானதை எடுத்து, எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு உயர அலை வரும் என்று சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறார்கள். அலை உண்மையிலேயே புறப்பட்டதா என்பதை ஆழ்கடலின் தரையில் வைத்து, மேலே மிதக்கும் மிதவைகள் வழியே பதிவை அனுப்பும் அழுத்தமானிகளும் துறைமுகங்களின் கடல்மட்ட அளவிகளும் உறுதிசெய்கின்றன அல்லது மறுக்கின்றன.

ஒத்துழைப்பு நுழைவது இங்கேதான். நம்மைத் தாக்கக்கூடிய அலை பெரும்பாலும் இந்தோனேசியாவின் கடலில்தான் பிறக்கும். அங்கே உள்ள நிலநடுக்கமானிகளின் பதிவு உடனுக்குடன் வந்தால்தான் ஹைதராபாத்தின் கணக்கு விரைவாகவும் சரியாகவும் இருக்கும். 2005-இல் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கான பொது அமைப்பு உருவாகி, 2011 அக்டோபர் முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் மையங்களும் தத்தம் கரைக்கு மட்டுமல்லாமல் இந்தப் பெருங்கடலின் எல்லாக் கரைகளுக்குமே கணிப்பு வழங்கி வருகின்றன. ஆனால் எந்த ஊரை எப்போது காலி செய்வது என்ற முடிவு அந்தந்த அரசினுடையது. நீண்டகாலம் உடையாமல் நிற்கும் சர்வதேச ஏற்பாடுகளில் பல இப்படித்தான் இருக்கின்றன என்பது என் எண்ணம்: தகவல் பொது, அதிகாரம் அவரவருடையது.

2012 ஏப்ரல் 11 உங்களுக்கு நினைவிருக்கும். பிற்பகலில் 8.6 அளவிலான நிலநடுக்கம், அதுவும் அதே சுமத்ரா பக்கம். சென்னையில் அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். ஆனால் அன்று புவித்தட்டுகள் பக்கவாட்டில் நழுவினவே தவிர, கடலின் தரையைப் பெரிதாகத் தூக்கிவிடவில்லை. கருவிகள் காட்டிய அலை சிறியது. அன்று மாலையே எச்சரிக்கை விலக்கப்பட்டது. ஓடச் சொல்வதைப் போலவே, ஓட வேண்டாம் என்று நம்பகமாகச் சொல்வதற்கும் அதே கருவிகள்தான் வேண்டும்.

கேள்வி: பகை நாடுகள்கூடவா இதில் தகவலைப் பகிர்ந்துகொள்ளும்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: பாகிஸ்தானும் இந்த அமைப்பின் உறுப்பு நாடுதான். 1945 நவம்பரில் மக்ரான் கடற்பகுதியில் எழுந்த சுனாமி இன்றைய பாகிஸ்தான் கரையையும் நம் மேற்குக் கரையையும் சேர்த்தே தாக்கியது. ஹைதராபாத்தின் கணிப்பு கராச்சிக்கும் உரியது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டுபிடிப்பதற்காக உலகெங்கும் நிறுவப்பட்ட நிலையங்களின் பதிவுகள் இன்று சுனாமி மையங்களுக்கும் போகின்றன. குண்டைப் பிடிக்க வைத்த பொறியில் அலை சிக்குகிறது!

கேள்வி: ஆழ்கடலில் எச்சரிக்கை மிதவைகளை மீனவர்கள் நாசம் செய்வதாகச் செய்திகளில் பழி போடுகிறார்கள். எங்கள் உயிரைக் காக்கும் கருவியை நாங்களே உடைப்போமா?
– ஒரு மீனவக் குடும்பத்து வாசகர், கடலூர்

பதில்: வேண்டுமென்றே உடைக்கிறார்கள் என்று எல்லோரையும் சொல்வது அநியாயம். தண்ணீரில் எது மிதந்தாலும் அதன் நிழலுக்குச் சிறு மீன் வந்து கூடும். சிறு மீனைத் தேடிப் பெரு மீன் வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மீன் இருக்கும் இடத்துக்குப் படகு போகும். கயிற்றைக் கட்டுவார்கள், தூண்டிலும் வலையும் சிக்கும், உணர்கருவியின் கம்பி அறும். உலகின் பல கடல்களிலும் இதே கதைதான், படகுகளும் பல நாட்டுப் படகுகள். அறுந்ததைச் சரிசெய்யக் கப்பல் அனுப்ப வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். மாநாட்டில் கையெழுத்திடுவது ஒரு நாள் வேலை. இந்தப் பராமரிப்போ ஆண்டுக்கணக்கில், யாரும் படம் எடுக்காத வேலை. இந்தோனேசியாவில் 2012 முதல் மிதவைகள் இயங்காமல் கிடந்தன. 2018 செப்டம்பரில் பாலு நகரைச் சுனாமி தாக்கியபோதுதான் அந்தக் குறை உலகச் செய்தியானது. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பாலுவில் அலை சில நிமிடங்களிலேயே வந்துவிட்டது, மிதவைகள் எல்லாம் நன்றாக இருந்திருந்தாலும் அங்கே பெரிதாக உதவியிருக்காது.

கேள்வி: அப்படியானால் இவ்வளவு கருவி, இவ்வளவு ஒப்பந்தம் இருந்தும் கடைசியில் கரையில் இருப்பவர் கையில்தான் எல்லாமா?
– ஒரு வாசகி, தரங்கம்பாடி

பதில்: அலை பிறந்த இடத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கு ஆம். சுமத்ராவை அடுத்த சிமியுலு தீவில் 1907-இல் வந்த அலையை 'ஸ்மோங்' என்று பெயரிட்டுப் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதுதான் அதன் சாரம். 2004-இல் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

நம்மைப் போல் தொலைவில் இருப்பவர்களுக்குப் பாட்டு மட்டும் போதாது. நிலநடுக்கத்தை உணர்ந்தவர்களுக்கும் அது எங்கே, எத்தனை பெரியது என்பது தெரியாது. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு கிராமத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் ஒன்று இருந்தது. அந்தத் திட்டத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, கடலுக்குப் போகிறவர்கள் கேட்கும்படி ஒலிபெருக்கியில் தினமும் வாசிப்பது வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்ல, அவர்கள் மையத்துக்கு ஓட, அதே ஒலிபெருக்கியில் எல்லோரும் வெளியேறும்படி அறிவித்தார்கள். மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்த ஊரில் வீடுகள் போயின, படகுகள் போயின. ஆள் ஒருவரும் போகவில்லை.